பழுப்புப் பட்டாம்பூச்சிகளை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மூன்று படங்கள் இருக்கின்றன

குற்றாலச்சாரல்

எல்லோருக்கும் வணக்கம். நான் தென்காசிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு, அதைத் தாண்டினால் வாய்க்கால், கரை நெடுகப் புல். போன வருடம் சாரல் காலத்தில்தான் பட்டாம்பூச்சிப் படம் எடுக்க ஆரம்பித்தேன். நிறமாக இருப்பவற்றில் எனக்குச் சிக்கல் இல்லை. எருக்கஞ்செடியைச் சுற்றுவது எது, எலுமிச்சையில் முட்டையிடுவது எது என்று ஓரளவு பிடிபட்டுவிட்டது. இந்தச் சின்னப் பழுப்புப் பூச்சிகளிடம்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

முதல் படம் ஆகஸ்டில் எடுத்தது. சாம்பல் கலந்த வெளிர் பழுப்பு, உடம்பெல்லாம் பொடிப்பொடிக் கோடு. முன்னிறகில் ஒரு பெரிய கண் போன்ற புள்ளி, பின்னிறகில் சின்னச் சின்னதாகச் சில புள்ளிகள். இரண்டாவது படம் பிப்ரவரிக் கடைசியில், அதே தோப்பில். காய்ந்த தென்னை மட்டைக்குக் கீழே, சருகோடு சருகாக உட்கார்ந்திருந்தது. கண் எதுவும் தெரியவில்லை. இறகுக்குக் குறுக்கே ஒரு வெளிர் கோடு மட்டும் போகிறது. மூன்றாவது நவம்பரில், நெல்வயல் வரப்பில். இது மற்ற இரண்டையும்விடக் குண்டு, விர்ரென்று பறக்கிறது.

கைப்பேசிச் செயலியில் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது படத்துக்கு ‘தமிழ் புஷ்பிரவுன்’ என்று வந்தது. அதையே கொஞ்சம் வெட்டித் திரும்பப் போட்டால் வேறு பெயர் வருகிறது. எதை நம்புவது? தமிழ் என்று பெயரிலேயே இருப்பது நம் தோப்பில் கிடைத்திருந்தால் ரொம்ப மகிழ்ச்சி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி

முதல் படம் காமன் ஃபோர் ரிங். இரண்டாவது ஏதோ ஒரு புஷ்பிரவுன். மூன்றாவது ஸ்கிப்பர் குடும்பம், ஸ்விஃப்ட் வகை. படங்கள் தெளிவாக இருக்கின்றன. விவரமாகச் சொல்ல கல்லாறு அக்கா வருவார், இந்தப் பழுப்புகள் அவர் பாடம்.

கல்லாறு பூங்கொடி

தம்பி, படங்களைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நுண்ணோக்கி சொன்னது மூன்றுமே சரி. ஆனால் விடையை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் அடுத்த பூச்சிக்கு மறுபடி இங்கேயே வர வேண்டியிருக்கும். அதனால் நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன்.

நான் இருப்பது மேட்டுப்பாளையத்தை ஒட்டிய கல்லாறு. பாக்குத் தோப்பு வேலை. பாக்கு மரத்து நிழலில் வளரும் புல்லில் வருடம் முழுக்கப் பறப்பது இந்தப் பழுப்புகள்தான். வெளியூரிலிருந்து பட்டாம்பூச்சி பார்க்க வருகிறவர்கள் ஆற்றங்கரை ஈரமணலில் கூட்டமாக உட்காரும் நீலத்தையும் மஞ்சளையும் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். புல்லுக்குக் குனிகிறவர்கள் குறைவு. எனக்கு அது ஒரு மனக்குறை, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்பது முக்கியம். இவற்றின் மேல்புறம் எல்லாமே ஏறக்குறைய ஒரே பழுப்பு. அடையாளம் முழுக்க அடிப்புறத்தில், அதாவது இறகை மூடி உட்காரும்போது நமக்குத் தெரிகிற பக்கத்தில். நல்ல வேளையாக இவை பெரும்பாலும் மூடித்தான் உட்காரும். 

அடிப்புறத்தைப் பார்த்ததும் உடனே கேட்க வேண்டியது இது ரிங்கா, புஷ்பிரவுனா என்பதை. இந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும். ரிங் என்றால் வெளிர் சாம்பல்பழுப்பு அடித்தளத்தில் நெளிநெளியான பொடிக் கோடுகள் இறகு முழுக்க ஓடும். முன்னிறகில், நுனிக்குப் பக்கத்தில், ஒரே ஒரு பெரிய கண்புள்ளி. அந்தக் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வெளியே மஞ்சள் வளையம், உள்ளே கறுப்பு, கறுப்புக்குள் நீலம் கலந்த வெள்ளியாக இரண்டு சின்னப் பொட்டு. ஒரு கண்ணுக்குள் இரண்டு பாப்பா. உங்கள் முதல் படத்தில் இது அச்சுப்போட்டது மாதிரி விழுந்திருக்கிறது. புஷ்பிரவுனுக்கு அந்த நெளி கோடு கிடையாது. தளம் வழவழப்பான பழுப்பு. முன்னிறகு, பின்னிறகு இரண்டையும் சேர்த்துக் குறுக்கே ஒரு வெளிர் கோடு இறங்கும். மழைக்கால உருவில் முன்னிறகில் ஒரு சின்னக் கண்ணும் அதற்குக் கீழே ஒரு பெரிய கண்ணும் தனித்தனியாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாப்பாதான். அளவிலும் புஷ்பிரவுன் கொஞ்சம் பெரிசு. ரிங் இறகை விரித்தால் 30 முதல் 40 மில்லிமீட்டர் வரும். புஷ்பிரவுன் 50 வரைக்கும் போகும்.

சரி, ரிங் என்று தெரிந்துவிட்டது. எந்த ரிங்? இனிமேல் முன்னிறகை மறந்துவிட்டுப் பின்னிறகுக்கு வாருங்கள். எல்லோரும் உடனே எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். நாலு இருந்தால் ஃபோர் ரிங், ஐந்து இருந்தால் ஃபைவ் ரிங் என்று. எண்ணிக்கையைவிட எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்பது பத்திரம். பின்னிறகின் மேல்மூலையில் எத்தனை, கீழ்மூலையில் எத்தனை என்று பிரித்துக்கொள்ளுங்கள். காமன் ஃபோர் ரிங்குக்கு மேலே ஒன்று, கீழே மூன்று. ஃபைவ் ரிங்குக்கு மேலேயே இரண்டு இருக்கும். கீழே இரண்டு நல்ல வளையம், அதற்கும் கீழே கடைசி மூலையில் ஒட்டிப்பிறந்த மாதிரி பொடியாக இரண்டு. அந்தப் பொடி இரட்டையை ஒன்றாகக் கணக்கு வைத்துத்தான் ஐந்து. தனித்தனியாக எண்ணினால் ஆறு வரும், ‘என் பூச்சிக்கு ஆறு இருக்கிறதே, புது வகையா’ என்று கேட்டு அடிக்கடி இங்கே பதிவு வரும். மேலே இரண்டு கண் என்பதைப் பிடித்துக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது. த்ரீ ரிங்குக்கு மேலே ஒன்று, கீழே இரண்டு, எல்லாமே ஊசிமுனை அளவுதான். அது காய்ந்த புதர்க்காட்டு ஓரங்களில் அதிகம்.

உங்கள் முதல் படத்தில் மேலே ஒன்று, கீழே மூன்று. ஃபோர் ரிங் என்பது உறுதி. ஆனால் நம் ஊரில் ஃபோர் ரிங் ஒன்று மட்டும் இல்லை. காமன் ஃபோர் ரிங் போலவே புள்ளி வைத்துக்கொண்டு ஒயிட் ஃபோர் ரிங் என்று ஒன்று இருக்கிறது. அறிவியல் பெயர் இப்திமா சிலோனிகா, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. அதற்குப் பின்னிறகு வெள்ளையாக இருக்கும், கோடுகள் அந்த வெள்ளையின் மேல் மெலிதாகத் தெரியும். பறக்கும்போதே தெரிந்துவிடும். பழுப்பாகப் போய்க்கொண்டிருப்பதில் நடுநடுவே வெள்ளை மின்னும். காலை வெயிலில் இறகை விரித்துக் குளிர்காயும் நேரத்தில் பார்த்தால் மேல்புறத்திலும் பின்னிறகின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருக்கும். உங்கள் படத்தில் வெள்ளை கிடையாது, முன்னிறகு போலவே பின்னிறகும் சாம்பல்பழுப்பு. ஆகவே காமன் ஃபோர் ரிங், இப்திமா ஹ்யூப்னெரி. 1871இல் கிர்பி பெயர் வைத்தது. மலையேறினால் கதை மாறும். மேற்குத்தொடர்ச்சி மலைக்கே உரிய நீலகிரி ஃபோர் ரிங், பழனி ஃபோர் ரிங் என்று இரண்டு உயரத்தில் இருக்கின்றன. உங்கள் தென்னந்தோப்பில் அவற்றைத் தேட வேண்டாம். மேலே போகும்போது மட்டும் ‘ஃபோர் ரிங்’ என்றதும் காமன் என்று எழுதிவிடாதீர்கள்.

ஒரு நடைமுறை விஷயம். ரிங் எல்லாம் தாழ்வாகத்தான் உட்காரும், உட்காரும்போது ஏதாவது ஒரு புல் இதழ் சரியாகப் பின்னிறகின் கீழ்மூலையை மறைக்கும். நமக்கு வேண்டியதே அந்த மூலை. முன்னிறகுக் கண் பளிச்சென்று இருப்பதால் கேமரா அதில் போய்க் குவியும், நாமும் படம் நன்றாக வந்துவிட்டது என்று நினைத்து எழுந்துவிடுவோம். எழுந்திருக்காதீர்கள். அது தத்தித்தத்திக் கொஞ்ச தூரம் போய் மறுபடி உட்காரும், பின்தொடர்ந்து கீழ்மூலை தெரிகிற மாதிரி இன்னொன்று எடுங்கள். கேமராவை இறகுக்கு நேராக, அதன் உயரத்துக்கே இறக்கி வையுங்கள். மேலேயிருந்து சாய்வாக எடுத்தால் கீழ்மூலையே கலங்கிப் போகும்.

இரண்டாவது படத்துக்குத் தனியாக வருகிறேன், அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தோப்பில் ஆள் வந்துவிட்டார்கள்.

வயல்காட்டான்

மூன்றாவது படத்துக்கு நான் சொல்கிறேன், எனக்கு மன்னார்குடிப் பக்கம் வயல். இதன் உணர்கொம்பு நுனியைப் பாருங்கள், கொக்கி போல வளைந்திருக்கும். உடம்பு தடி, தலை அகலம், ஆறு காலும் ஊன்றி நிற்கும். ரிங், புஷ்பிரவுன் எல்லாம் நாலு காலில்தான் நிற்கும், முன்கால் இரண்டும் சுருங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும். இது ஸ்கிப்பர். நெல்லில் இதன் புழு இலையை மடித்து உள்ளே இருந்து தின்னும். வெளிர்பச்சைப் புழு, கழுத்து இடுங்கியிருக்கும், தலையில் சிவப்பாக இரண்டு கோடு ஆங்கில ‘V’ மாதிரி கீழே போய்ச் சேரும். அப்படி இருந்தால் ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட், பெலோபிடாஸ் மத்தியாஸ்.

பூச்சியாக வந்த பிறகு பின்னிறகின் அடிப்புறத்தைப் பாருங்கள். வளைவாகச் சின்ன வெள்ளைப் பொட்டுகள் வரிசை, அந்த வளைவுக்கு உள்ளே, இறகின் அடிப்பக்கம் தள்ளி, தனியாக இன்னொரு பொட்டு. அந்தத் தனிப்பொட்டு பெலோபிடாஸ் என்ற பேரினத்தின் பக்கம் காட்டும். ரைஸ் ஸ்விஃப்டுக்குப் பெரும்பாலும் அது இருக்காது. பொட்டே இல்லாமல் மொட்டையாக இருப்பது கால்டோரிஸ் வகை. இந்தப் படத்தில் உள்ளே ஒரு பொட்டு இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. வேறு கோணம் உண்டா?

இன்னொன்று. அதே வயலில் தலையில் இரண்டு கொம்போடு பச்சையாக ஒரு புழு பார்த்தால் அதை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாங்கள் கொம்புப்புழு என்போம். அது ஈவினிங் பிரவுன் ஆக மாறும். அந்தி நேரம் பறந்து, சில நாள் வீட்டு விளக்குக்கே வந்து சுவரில் உட்காரும் அந்தப் பெரிய பழுப்புப் பூச்சி. எப்போதோ ஒன்றிரண்டு இருப்பதற்காக மருந்தடிக்கத் தேவையே இல்லை, குளவி பார்த்துக்கொள்ளும்.

குற்றாலச்சாரல்

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. முதல் படத்தில் மேலே ஒன்று கீழே மூன்று என்று எண்ணிப் பார்த்துவிட்டேன், அப்படியே இருக்கிறது. பழைய படங்களையெல்லாம் திறந்து மேல்மூலை கீழ்மூலை என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மேலே இரண்டு கண்ணோடு ஒன்றும் கிடைத்தது, அது ஃபைவ் ரிங் தானே? கடைசி மூலையில் இரட்டையும் இருக்கிறது.

ஸ்விஃப்டுக்கு இன்னொரு கோணம் இருக்கிறது அண்ணா, கீழே சேர்த்திருக்கிறேன். தனிப்பொட்டு தெளிவாகவே தெரிகிறது.

அக்கா, இரண்டாவது படம்? அது தமிழ் புஷ்பிரவுன் என்று போட்டுவிடலாமா? அதோடு, ஆகஸ்டில் அதே இடத்தில் கண் கண்ணாக இருந்த பழுப்புகள் எல்லாம் பிப்ரவரியில் எங்கே போயின?

வயல்காட்டான்

பார்த்தேன். பெலோபிடாஸ் என்று தாராளமாக எழுதுங்கள். ஆண் என்றால் முன்னிறகின் மேல்புறத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய சாய்வுக் கோடு ஒன்று இருக்கும், அதுவும் கிடைத்தால் மத்தியாஸ் என்று முடிவுக்கு வரப் பேசலாம். அதுவரை பெலோபிடாஸ் போதும்.

கல்லாறு பூங்கொடி

தம்பி, அது ஃபைவ் ரிங்கேதான், இப்திமா பால்டஸ். நன்றாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

இப்போது பிப்ரவரிக்கு வருகிறேன். ஆகஸ்டில் பார்த்த பூச்சிகள் எங்கேயும் போகவில்லை, அவற்றின் வாரிசுகள்தான் வேறு உடுப்பில் இருக்கின்றன. இந்தக் குடும்பத்தில் ஒரே இனத்துக்கு மழைக்கால உரு ஒன்று, வறட்சிக்கால உரு ஒன்று. மழையில் பிறப்பதற்குக் கண்புள்ளிகள் பெரிசு, வளையம் பளிச். புல் காய்ந்த காலத்தில் பிறப்பதற்குக் கண்கள் சுருங்கிச் சின்னப் பொட்டாகும், சிலவற்றில் அடியோடு மறைந்துவிடும். ஒரே பூச்சி வாழ்நாளில் மாறுவதில்லை. புழுவாக வளரும் காலத்தில் எப்படி இருந்ததோ அதற்கேற்பக் கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வரும்போதே தீர்மானமாகிவிடும்.

காரணம் பார்த்தால் மழையில் புல் செழித்திருக்கும், பூச்சி நாள் முழுக்கப் பறக்கும், எதிரியின் கண்ணில் படாமல் இருக்க வழியே இல்லை. அப்போது ஓணானோ குருவியோ கொத்தினால் தலையைக் கொத்தாமல் இறகோரத்துக் கண்ணைக் கொத்தட்டும். இறகில் ஒரு துண்டு போனாலும் பறந்துவிடலாம். எங்கள் தோப்பில் புஷ்பிரவுன்களைப் பார்க்கும்போது நான் இதைத் தேடுவேன்: இரண்டு பின்னிறகிலும் ஒரே இடத்தில், கண்புள்ளி இருந்த இடத்தில், ஒரே வடிவத்தில் ஒரு வெட்டு. இறகை மூடி உட்கார்ந்திருந்தபோது ஏதோ ஒன்று இரண்டையும் சேர்த்துக் கவ்வியிருக்கிறது, பூச்சி பிய்த்துக்கொண்டு தப்பியிருக்கிறது. வறட்சியில் நிலைமை வேறு. பூச்சி அதிகம் பறக்காது, சருகில் அசையாமல் கிடக்கும். அங்கே பளிச்சென்று ஒரு கண் இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். 

இதை நன்றாக ஆராய்ந்தது ஆப்பிரிக்காவின் பைசைக்ளஸ் அனினானா என்ற பூச்சியில். நம் புஷ்பிரவுனுக்கு நெருங்கிய சொந்தம். புழுவை 27 டிகிரி வெப்பத்தில் வளர்த்தால் பெரிய கண்களோடு வரும், 20க்குக் கீழே வளர்த்தால் கண் சுருங்கி வரும். உள்ளே எக்டைசோன் என்ற ஹார்மோன் எப்போது சுரக்கிறது என்பதில்தான் வித்தியாசம். ஆனால் அங்கே மழைக்காலம் சூடானது, வறண்ட காலம் குளிரானது. நமக்கு வறட்சி என்றாலே வெயில். அதனால் அந்த வெப்பக் கணக்கை அப்படியே தென்காசிக்கு எடுத்து வந்து பொருத்திப் பார்க்கக் கூடாது.

ரிங்குகளுக்கும் இது உண்டு. பிப்ரவரியிலிருந்து மே வரை ரிங் கிடைத்தால் முன்னிறகுப் பெரிய கண் அப்படியே இருக்கும், பின்னிறகுக் கண்கள் மட்டும் வெறும் புள்ளியாகிவிடும். அப்போதும் இடம் மாறுவதில்லை. படத்தைப் பெரிதாக்கி மேலே எத்தனை புள்ளி, கீழே எத்தனை புள்ளி என்றே பாருங்கள். நான் எண்ணிக்கையைவிட இடத்தைப் பார் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வளையம் தேடுகிறவருக்கு ஏப்ரலில் ஒன்றும் அகப்படாது. செதில் உதிர்ந்த கிழட்டுப் பூச்சி என்றால் புள்ளியும் போயிருக்கும், அப்போது இப்திமா என்று பேரினப் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர வேண்டியதுதான்.

உங்கள் இரண்டாவது படத்துக்கும் அதைத்தான் சொல்லப் போகிறேன். இதற்கு நான் தரும் பெயர் மைகாலேசிஸ், அதாவது புஷ்பிரவுன்களின் பேரினப் பெயர் மட்டும், வறட்சிக்கால உரு. அதற்கு மேல் ஒரு எழுத்தும் சேர்க்க மாட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். நம் பக்கத்தில் இந்த மைகாலேசிஸில் காமன், டார்க் பிராண்டட், லாங் பிராண்டட், நீங்கள் ஆசைப்படும் தமிழ் புஷ்பிரவுன் என்று ஒன்றைப்போல ஒன்று இருப்பவை பல இருக்கின்றன. மழைக்கால உருவிலேயே அவற்றைப் பிரிப்பது வேலை. வறட்சியில் எல்லாமே சருகு. உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் ஆண் பூச்சியின் வாசனைத் தழும்பைப் பார்க்க வேண்டும். பெண்ணைக் கவரும் மணம் வருகிற செதில் திட்டு அது. பக்கத்தில் ஒரு மயிர்க்கற்றையும் இருக்கும். அதன் நிறம் கறுப்பா வெளிறியதா, நீளமா குட்டையா என்பதில்தான் இனம் பிரிகிறது. டார்க் பிராண்டட், லாங் பிராண்டட் என்ற பெயர்களே அதை வைத்து வந்தவை. அந்தத் தழும்பு இருப்பதோ முன்னிறகின் அடிப்புறத்தில், பின்னிறகு வந்து மூடிக்கொள்ளும் இடத்திலும், பின்னிறகின் மேல்புறத்திலும். பூச்சி இறகை மூடி உட்கார்ந்தால் இரண்டும் உள்ளே போய்விடும். உங்கள் படத்தில் தெரிவதற்கு வழியே இல்லை. செயலிக்கும் நீங்கள் கொடுத்த படம்தானே தெரியும்? இல்லாததை அது எங்கிருந்து பார்க்கும்?

தமிழ் புஷ்பிரவுன், மைகாலேசிஸ் சப்டிட்டா, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது. உங்கள் தோப்பில் இருக்க வாய்ப்பில்லை என்று நான் சொல்லவில்லை. நிறையவே வாய்ப்பு இருக்கிறது. ஆனால் வாய்ப்பு வேறு, பதிவு வேறு. நீங்கள் இன்று ஒரு பெயரைப் போட்டால் அது பட்டாம்பூச்சிப் பதிவுகளின் வரைபடத்தில் ஒரு புள்ளியாக உட்கார்ந்துவிடும். நாளைக்கு ஒருவர் இந்த இனம் எந்த உயரத்தில் இருக்கிறது, எந்த மாதம் பறக்கிறது என்று கணக்கெடுக்கும்போது உங்கள் புள்ளியும் அதில் சேரும். ஊகத்தில் வைத்த புள்ளியைப் பிறகு யாரும் எடுப்பதில்லை. மைகாலேசிஸ் என்று சரியாக எழுதி, தேதி, இடம், சருகில் இருந்ததா புல்லில் இருந்ததா என்று நாலு வரி சேர்த்தால் அது என்றைக்கும் பயன்படும். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனம் வராது. இந்தப் பூச்சிகளைப் பற்றி எழுதியிருப்பதே கொஞ்சம், அதையும் தவறாக எழுதி வைத்தால் பிறகு வருகிறவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்?

தமிழ் பெயருள்ளது வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. 2019இல் நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவன் உங்களுக்கு அருகிலுள்ள மலைக்காட்டு ஓரங்களில் பறக்கும், ஆரஞ்சு நிறம், குழப்பமே வராது. பழுப்புதான் வேண்டும் என்றால் தமிழ் கேட்ஸ்ஐ இருக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது, நிழலடர்ந்த காட்டில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் ஒரு மாதத்துக்கு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள்.

குற்றாலச்சாரல்

புரிந்தது அக்கா. மைகாலேசிஸ் என்று மாற்றிவிட்டேன், சருகு விவரமும் சேர்த்துவிட்டேன். அந்தத் தழும்பைப் பூச்சியைப் பிடிக்காமல் பார்க்க ஏதாவது வழி உண்டா? வலை வைக்க எனக்கு மனமில்லை. அப்புறம் வாய்க்கால் கரையில் அடுத்த வாரம் களைக்கொல்லி அடிக்கப் போவதாகத் தோப்புக்காரர் சொல்கிறார். அதனால் இவற்றுக்குப் பாதிப்பு இருக்குமா?

நுண்ணோக்கி

களைக்கொல்லி பூச்சியை நேரடியாகக் கொல்லாவிட்டாலும் புல் போனால் புழுவுக்குச் சாப்பாடு இல்லை. ரிங், புஷ்பிரவுன் இரண்டின் புழுவும் புல்லைத்தான் தின்னும்.

கல்லாறு பூங்கொடி

வலை வேண்டாம், நல்ல முடிவு. புஷ்பிரவுனுக்கு அழுகின பழம் ரொம்பப் பிடிக்கும். கனிந்து கறுத்த வாழைப்பழத்தைப் பிசைந்து, நிழலில், சருகு இருக்கும் இடத்தில் ஒரு தட்டில் வையுங்கள். புளித்த வாடை ஏறினதும் வரும். ஈவினிங் பிரவுனும் வரும். ரிங்குகளை இதற்கு எதிர்பார்க்காதீர்கள், அவற்றுக்கு வெட்டுக்காயப் பூண்டு மாதிரிச் சின்னப் பூக்கள் போதும். பழத்தில் உட்கார்ந்த பூச்சி குடிக்கும் மும்முரத்தில் பக்கத்தில் போனாலும் எழாது. இடம் மாறும்போதும் இன்னொன்றோடு இடிக்கும்போதும் இறகை ஒரு கணம் விரிக்கும். அந்த நேரத்துக்குத் தயாராகப் பின்னிறகின் மேல்புறத்தைக் குறிவைத்துத் தொடர்ச்சியாகப் படம் எடுங்கள். மயிர்க்கற்றை தெரிந்தால் ஆண். அந்தப் படத்தை வெட்டாமல், நிறத்தைத் திருத்தாமல் அப்படியே இங்கே போடுங்கள். தழும்பின் நிறம்தானே கேள்வி, அதைத் திருத்திவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. எறும்பு ஏறாமல் தட்டைத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வையுங்கள்.

களைக்கொல்லி விஷயத்தில் நுண்ணோக்கி சொன்னதுதான். புழு பகலில் புல் தண்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், பின்பக்கம் இரண்டு குட்டி வால் நீட்டியபடி. பச்சையாகவோ காய்ந்த புல் நிறத்திலோ இருப்பதால் யார் கண்ணிலும் படாது. கரை முழுக்க ஒரே நாளில் கருகினால் முட்டையும் புழுவும் சேர்த்துப் போய்விடும், வெளியிலிருந்து வந்து சேர்வதற்கு நாளாகும். தோப்புக்காரரிடம் அடிக்காதே என்று சொன்னால் கேட்க மாட்டார், அவருக்கு அவர் வேலை. நான் எங்கள் தோப்பில் கேட்டு வாங்கியது இது: தென்னைக்குப் பாத்தி இருக்கும் பக்கம் நீங்கள் விரும்புவதைச் செய்யுங்கள், வாய்க்காலின் எதிர்க்கரையை விட்டுவிடுங்கள், அங்கே உயரமாக வளர்ந்தால் அரிவாளால் பாதி பாதியாக, ஒரு பாதி தழைத்த பிறகு மறுபாதி என்று நானே அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுகிறேன் என்று. கரை மண்ணும் சரியாது, மாட்டுக்கும் தீனி. அந்த இரண்டு காரணத்தைச் சொல்லுங்கள், பட்டாம்பூச்சியைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம். அடிக்கப் போகிறார் என்றால் அதற்கு முன்னால் எதிர்க்கரையில் எந்தப் புல் இருக்கிறது என்று கதிரோடு ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். பூச்சிப் பதிவுகளில் யாரும் புல்லின் பெயரை எழுதுவதே இல்லை.

குற்றாலச்சாரல்

இன்று சாயங்காலம் அவரிடம் பேசுகிறேன் அக்கா. வாழைப்பழம் வீட்டில் கனிந்தே கிடக்கிறது, நாளைக் காலையிலேயே வைத்துவிடுகிறேன். புல் படத்தைத் தனிப் பதிவாகப் போடவா, இதிலேயே சேர்க்கவா?

கல்லாறு பூங்கொடி

இதிலேயே சேருங்கள். ஃபைவ் ரிங் எடுத்த இடத்துப் புல்லையும் தனியாக எடுங்கள், இரண்டும் ஒரே புல்லா என்று பார்க்கலாம்.